பழைய குடும்ப ஆயில் பெயிண்டிங்கைச் சரிசெய்யப் போகிறீர்களா? முகத்தில் கை வைக்காதீர்கள், முதுகைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டு வளவில் பாட்டையாவின் படம் தொங்கியது. 40க்கு 30 அங்குலம், கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், தேக்குச் சட்டம், கண்ணாடி கிடையாது. ஒவ்வொரு படைப்பின்போதும் (முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடும் நாள்) சந்தனத்தைக் குழைத்து நேராக அவர் நெற்றியிலேயே பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைப்போம். எண்பது தொண்ணூறு வருஷப் பொட்டு. போதாக்குறைக்கு ஓடு உடைந்து இரண்டு மழைக்காலம் தண்ணீர் ஒழுகியதில் கீழ் மூலையில் வண்ணம் பொரிந்துவிட்டது. வெள்ளையடிக்க வந்தவரின் ஏணி பட்டுத் தோளருகே ஐந்து அங்குலக் கிழிசல். சட்டத்தில் கரையான்.

நான் செய்த முதல் காரியம், அதைக் காரில் போட்டு ஒரு பிரேம் கடைக்குக் கொண்டுபோனது. "ஒரே நாள் வேலை சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். என் கண் முன்னாலேயே பழைய பனியன் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். துணி பழுப்பானது. அழுக்கு வருகிறது என்று எனக்குச் சந்தோஷம். அடுத்த துடைப்பில் துணி கறுப்பானது. அது பாட்டையாவின் கோட்டு. கீழே ஓவியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் '1931' என்று இருந்ததில் கடைசி 1 துணியோடு போய்விட்டது. 1,500 ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால், துணியை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. அது உண்மையில் ஆயில் பெயிண்டிங்தானா?

சிரிக்காதீர்கள். பழைய வீடுகளில் "ஆயில் பெயிண்டிங்" என்று சொல்லப்படுவதில் பல அது இல்லை. பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, அசல் எண்ணெய் ஓவியம். பின்பக்கம் நெய்த துணி தெரியும், மரச்சட்டத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தூரிகைத் தடம் மேடுபள்ளமாகத் தெரியும். இரண்டு, புகைப்படத்தைப் பெரிதாக்கி அதன்மேல் கையால் வண்ணம் தீட்டியது. அந்தக் கால ஸ்டுடியோக்கள் இதை நிறையச் செய்தன. முகம் மட்டும் அச்சு அசலாக இருக்கும். உடையும் பின்னணியும் ஓவியம் மாதிரி இருக்கும். பின்பக்கம் அட்டையோ காகிதமோதான். மூன்று, ஓலியோகிராப் எனும் அச்சுப் படம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த சாமி படங்கள் இந்த வகை. மேலே வார்னிஷ் பூசியிருந்தால் ஓவியம் போலவே ஏமாற்றும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் பார்த்தால் அச்சு என்றால் பொடிப் புள்ளிகள் தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், காகிதத்தைச் சரிசெய்பவர் வேறு, கேன்வாஸைச் சரிசெய்பவர் வேறு. ஓலியோகிராப்பை ஓவியம் என்று நினைத்து ஈரம் வைத்தால் கதை முடிந்தது. பலகையில் தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர் ஓவியம் என்றால் அதுவும் தனி வேலை. இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

2. சுவரிலிருந்து இறக்குவது

இரண்டு பேர் வேண்டும். கம்பி துருப்பிடித்திருக்கும், அதை நம்பாதீர்கள். சட்டத்தின் அடியில் ஒருவர் கை கொடுத்தே இறக்க வேண்டும்.

வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் படத்தைக் குப்புறப் போடவே கூடாது. முகம் மேலே பார்க்க, மேசைமேல் படுக்கை நிலையில் வையுங்கள். பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் பார்க்கலாம்.

கீழே உதிர்ந்து கிடக்கும் செதில்களைப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். மடித்த வெள்ளைக் காகிதத்தால் அள்ளி, உறையில் போட்டு, "இடது கீழ் மூலை" என்று எழுதி வையுங்கள். எங்கள் படத்தில் அப்படி எடுத்து வைத்த பதினொரு செதிலில் ஏழு மறுபடி அதே இடத்தில் போய் உட்கார்ந்தன. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கால வெள்ளை வண்ணத்தில் ஈயம் உண்டு. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கரையான் இருந்தால் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனி அறையில் வையுங்கள். படத்தின்மேல் மருந்து அடிக்கக் கூடாது. சுவருக்கும் தரைக்கும் மருந்து அடிப்பது வேறு விஷயம், அதை அவசியம் செய்ய வேண்டும். பின்பக்கம் பூஞ்சணம் பூத்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். "ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் போட்டு எடு" என்று யாராவது ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார்.

3. படம் பிடித்து வையுங்கள்

இதற்குச் செல்போன் போதும். முழுப் படம், நான்கு மூலைகள், ஒவ்வொரு காயமும் பக்கத்தில் அளவுகோலோடு, கையெழுத்து. அப்புறம் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து இன்னொரு வரிசை. நேர் வெளிச்சத்தில் தெரியாத பொருக்கெல்லாம் இதில் நிழல் விழுந்து தெரியும். எங்கள் பாட்டையாவின் நெற்றியில் பொட்டு இருந்த இடம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுண்டிப்போய்க் கிண்ணம் மாதிரி விளிம்பு தூக்கியிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

புற ஊதா டார்ச் வாங்குவதானால் 365 நானோமீட்டர் என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த 395 வகையில் ஊதா வெளிச்சம்தான் அதிகம் வரும். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் இந்த ஒளியில் பச்சையாக மங்கி மினுங்கும். பிற்காலத்தில் யாராவது ஒட்டுப்போட்டுத் தீட்டியிருந்தால் அது கறுப்புத் திட்டாகத் தெரியும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது முதுகு. பின்பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் படம் எடுங்கள். கேன்வாஸ் விற்ற கம்பெனியின் முத்திரை, பென்சில் எழுத்து, பழைய காகிதச் சீட்டு, எதுவும் விடக் கூடாது. எங்கள் படத்தில் வின்சர் அண்ட் நியூட்டன் முத்திரை மங்கலாக இருந்தது. பின்னால் புதுத் துணி ஒட்ட வேண்டிவந்தால் இதெல்லாம் நிரந்தரமாக மறைந்துவிடும்.

அதோடு வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். மணமக்களுக்குப் பின்னால் சுவரில் உங்கள் படம் தொங்கும் போட்டோ ஒன்று கண்டிப்பாக அகப்படும். எங்களுக்கு அகப்பட்டது பெரியப்பச்சி (பெரியப்பா) கல்யாணத்தில் எடுத்தது. ஒழுகலில் போன மூலையில் ஒரு பூச்சாடி இருந்ததே அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

4. வீட்டிலேயே செய்யக்கூடியது எவ்வளவு?

மிகக் குறைவு. வண்ணம் எங்கும் எழும்பவில்லை, உதிரவில்லை என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் உறுதியாகத் தெரிந்தால் மட்டும், ஆட்டு முடியாலான மிருதுவான அகலத் தூரிகையால் மேல் தூசியை மெதுவாகத் தட்டி எடுக்கலாம். இலேசாகப் பொருக்கு தட்டியிருந்தாலும் அதுவும் வேண்டாம். சட்டத்தின் வெளிமரத்தைத் துடைக்கலாம். கேன்வாஸின் பின்பக்கம், அடிக்கட்டைக்கும் துணிக்கும் நடுவில் சேர்ந்திருக்கும் குப்பையை எடுக்கலாம்: பல்லி எச்சம், செத்த பூச்சி, உதிர்ந்த சுண்ணாம்பு. அந்த இடுக்கில் சேரும் குப்பைதான் முன்பக்கம் கீழ் ஓரத்தில் புடைப்பாகத் தெரிவது. அவ்வளவுதான்.

செய்யக் கூடாததோ நீளமான பட்டியல். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டி, ஷாம்பு, கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பொங்கலுக்கு முன் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்பார்கள். பளபளக்கும், ஒரு வாரம். அதன்பின் அந்த எண்ணெய் இருக்கிற தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈரத்துணியும் தப்பு. கேன்வாஸுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் வஜ்ஜிரம் மாதிரி ஒரு பசைப் பூச்சு இருக்கிறது. அது தண்ணீர் பட்டால் ஊறும். நெருக்கமாக நெய்த துணியோ நனைந்தால் சுருங்கும். துணி சுருங்கும்போது மேலே காய்ந்து இறுகிய வண்ணம் என்ன செய்யும்? பிளந்து மேலே கிளம்பும். எங்கள் ஒழுகல் மூலையில் நடந்தது அதுதான்.

கிழிசலுக்குப் பின்னால் செல்லோடேப், பிளாஸ்டர், பெவிகால் ஒட்டாதீர்கள். டேப் பசை துணியில் ஊறி முன்பக்கம் கறையாக வரும். பெவிகால் துணியை இழுத்துச் சுருக்கிவிடும். எங்கள் வேலையில் பழைய பிளாஸ்டர் ஒன்றைச் சுரண்டி எடுக்க மட்டும் இரண்டு நாள் கூலி ஆனது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் பஞ்சில் எச்சில் தொட்டு அழுக்கெடுப்பதுண்டு. எச்சில் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்கிறது என்று அளந்து பார்த்த ஆய்வுக்கு 2018இல் இக் நோபல் பரிசுகூட (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) கொடுத்தார்கள். சரி, எச்சில் நம்மிடமும் இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்பது நம்மிடம் இல்லை.

5. காகித வேலை

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். முதலில் முடித்துவிடுங்கள்.

வயது: இந்தியாவில் 100 வருஷம் தாண்டிய ஓவியம், 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அப்படிப்பட்ட ஓவியத்தை வைத்திருப்பவர் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் புகைப்படங்களோடு விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை ஏதும் கிடையாது. வெளிநாட்டுக்கு மட்டும் தனியார் எடுத்துப்போக முடியாது. இன்னொன்று, ரவிவர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் போன்ற சில ஓவியர்களின் படைப்புகளைக் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அவை 100 வருஷம் ஆகாவிட்டாலும் நாட்டைவிட்டுப் போக முடியாது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் தம்பி "நான் கொண்டுபோய்ச் சரிசெய்து வைத்துக்கொள்கிறேன்" என்றால், படத்துக்கு 100 ஆகவில்லை என்றாலும் 'இது தொல்பொருள் இல்லை' என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்காமல் விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

எங்கள் படத்தில் கடைசி எண் அழிந்துவிட்டதால் 193க்கு அப்புறம் என்ன என்பதற்குச் சாட்சி இல்லாமல் போனது. வீட்டுப் பழைய பேரேடுதான் கைகொடுத்தது. பிரஜோத்பத்தி வருஷக் கணக்கில் "படம் எழுதின வகைக்கு" என்று ஒரு வரி. 1931-32. உங்கள் வீட்டிலும் பழைய கணக்கு, கடிதம், ரசீது ஏதாவது இருந்தால் நகல் எடுத்துப் படத்தின் கோப்பில் சேருங்கள்.

பங்காளிகள்: பொது வீட்டுப் படம் என்றால் இதுதான் பெரிய கண்ணி. எங்கள் வீட்டுக்கு ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம். எல்லோரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன்: படத்தை யார் எடுத்துப் போகிறார், எதற்கு, செலவு யார் தலையில், வேலை முடிந்தபின் எங்கே மாட்டப்படும். ஒரு சித்தப்பச்சி (சித்தப்பா) மட்டும் "பாட்டையாவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது" என்று மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தார். படைப்புக்குள் திரும்பிவிடும் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்தச் சத்தியத்தால் பட்ட பாடு கீழே வரும்.

6. ஆளைத் தேடுவது

மூன்று வகை ஆட்களிடம் மூன்று விலை கேட்பீர்கள். பிரேம் கடை: "துடைத்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன்." ஓவியர்: "மேலே புதுசாகத் தீட்டித் தருகிறேன்." கன்சர்வேட்டர், அதாவது பழைய கலைப்பொருளைப் பாதுகாத்துச் சீரமைக்கப் பயிற்சி பெற்றவர்: "முதலில் பார்க்க வேண்டும்." மூன்றாவது ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஓவியர் நல்ல ஓவியராகவே இருக்கலாம். ஆனால் காயத்தை மட்டும் மூடாமல் சுற்றியிருக்கும் நல்ல வண்ணத்தின்மேலும் தீட்டிவிடுவார். அப்புறம் அது வேறொருவர் எழுதிய பாட்டையா.

விசாரிக்கத் தொடங்க நல்ல இடங்கள்: பெங்களூரு, டெல்லி உள்ளிட்ட ஊர்களில் இருக்கும் இன்டாக் எனும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கூடங்கள், அவை தனியார் படங்களையும் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. லக்னோவில் இதற்கென்றே தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. அரசுக் கூடங்களுக்குத் தங்கள் சேகரிப்புத்தான் முதல் வேலை. ஆனாலும் ஒரு கடிதம் எழுதி வழி கேட்பதில் நஷ்டம் இல்லை. தனியாகத் தொழில் செய்யும் பயிற்சி பெற்ற கன்சர்வேட்டர்களும் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். நான் கடைசியில் சென்னையில் அப்படி ஒரு அம்மாவிடம்தான் கொடுத்தேன்.

ஆளைச் சந்திக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எங்கே படித்தீர்கள்? கேன்வாஸ் வேலை எத்தனை செய்திருக்கிறீர்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்ட முடியுமா? நீங்கள் பூசுவதை நாளைக்கு இன்னொருவர் சேதமில்லாமல் எடுக்க முடியுமா? எழுத்தில் அறிக்கை தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு "ஏன் எடுக்கணும், நூறு வருஷம் நிற்கும்" என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். படத்தைப் பார்க்காமலே போனில் விலை சொல்பவரிடமும் அப்படித்தான்.

7. மதிப்பீட்டைப் படிப்பது எப்படி

நல்ல மதிப்பீடு ஒரே தொகையாக வராது. வேலை வேலையாகப் பிரிந்திருக்கும். அந்தச் சொற்களுக்கு அர்த்தம் தெரிந்தால்தான் பேரம் பேச முடியும்.

செதிலை நிலைநிறுத்துவது முதல் வேலை. மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே வைத்து, அடியில் பசை புகுத்தி, எழும்பிய வண்ணத்தைப் பழைய இடத்தில் படிய வைப்பார்கள். இது முடியாமல் சுத்தம் செய்யத் தொடங்கக் கூடாது. அடுத்து மேலழுக்கு: விளக்குப் புகை, சாம்பிராணிப் புகை, தூசி. இதற்கடியில் பழுத்த வார்னிஷ். இந்த இரண்டும் தனித்தனி வேலை, தனித்தனிக் கரைப்பான். மதிப்பீட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சோதனை செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கறுப்பு, அடர் பழுப்பு, அரக்குச் சிவப்பு, அப்புறம் கையெழுத்து, இவைதான் சீக்கிரம் கரையும். எனக்கு அது முதல் நாளே தெரியாமல் போயிற்று.

பிறகு கிழிசல். நல்ல ஆள் நூல் நூலாகச் சேர்ப்பார். கேன்வாஸ் ஓரம் மட்டும் நைந்திருந்தால் ஓரத்துக்கு மட்டும் துணிப்பட்டை ஒட்டினால் போதும். முழு முதுகுக்கும் புதுத்துணி ஒட்டும் லைனிங் வேலையைப் போட்டிருந்தால் "ஏன் தேவை?" என்று கட்டாயம் கேளுங்கள். சில படங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் அதுதான் விலை கூடிய வேலை, முதுகில் இருக்கும் சாட்சியெல்லாம் மறைவதும் அதில்தான். முன்பெல்லாம் தேன்மெழுகும் பிசினும் கலந்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவார்கள். அந்தச் சூடு வண்ண மேடுகளை நசுக்கும், மெழுகு ஊறி நிறமும் கறுக்கும். யாராவது மெழுகு என்று சொன்னால் வேறு வழி கேளுங்கள்.

கடைசியாக, வண்ணம் போன குழியை நிரப்பி, அந்தக் குழிக்குள் மட்டும் நிறம் தீட்டி, மேலே மஞ்சளாகாத வார்னிஷ்.

எங்களுக்கு ஆன செலவு இது. இது ஒரு படத்தின் கணக்குத்தான். அளவும் காயமும் மாறினால் தொகையும் மாறும். நேரில் பார்த்து அறிக்கை தர 3,000. எல்லா வேலையும் சேர்த்து 62,000. தேக்குச் சட்டத்தில் கரையான் தின்ற இரண்டு பக்கத்தை மாற்ற ஆசாரிக்கு 6,500. முன்கண்ணாடிக்கும் பின்தட்டிக்கும் 4,000. ஊரிலிருந்து சென்னைக்குப் போக வர இரண்டு நடை, டீசலும் சுங்கமும் 14,000. ஆக மொத்தம் 89,500. பிரேம் கடையில் அழுத 1,500 தனி. அந்தத் தின்னர் துடைப்பைச் சரிக்கட்ட மட்டும் மதிப்பீட்டில் 11,000 இருந்தது.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

8. கொண்டுபோவது

கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். பழைய வண்ணம் வளையாது; நொறுங்கும். குமிழ் பிளாஸ்டிக்கை நேராக முகத்தில் சுற்றினால் வெயிலில் குமிழ் அச்சு வார்னிஷில் பதியும்.

நான் செய்தது: சட்டத்தின் நான்கு மூலைக்கும் தடித்த அட்டையை மடித்துத் தொப்பி மாதிரி மாட்டி, அதன்மேல் இரண்டு பக்கமும் பெரிய அட்டை, அதற்கு வெளியே போர்வை. முகத்தை எதுவும் தொடவில்லை. செதில் உதிர்ந்துகொண்டிருந்ததால் பின் இருக்கையை மடக்கி முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்தேன். உதிராத படமென்றால் நிமிர்த்தி வைத்துப் போகலாம். நண்பகல் வெயிலில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நாங்கள் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம்.

ஒப்படைக்கும்போது ரசீதில் அளவு, தேதி, இருக்கும் காயங்கள், சட்டமும் சேர்த்தா இல்லையா, செதில் உறை எத்தனை, எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

9. எவ்வளவு காலம் ஆகும்?

நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. பிப்ரவரியில் பார்த்தார்கள், மார்ச்சில் கொடுத்தேன், ஜூலை என்று சொன்னது செப்டம்பரில் வந்தது. பொட்டின் அடியில் எண்ணெய்ப் பசை ஊறியிருந்ததால் நெற்றிக்கு மட்டும் ஐந்து வாரம். அறுபதாம் கல்யாணம், கிரகப்பிரவேசம், படைப்பு என்று தேதி வைத்துக்கொண்டு அவசரப்படுத்தாதீர்கள். நான் சத்தியம் செய்துவிட்டு வாரம் இரண்டு தடவை போன் போட்டேன். "அவசரமாக வேண்டுமென்றால் இப்படியே எடுத்துப் போங்கள்" என்றார் அந்த அம்மா. வாயை மூடிக்கொண்டேன். எங்கள் நல்ல நேரம், அந்த வருஷப் படைப்பு தள்ளிப்போனது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படத்தை இடம் மாற்றாமல் இருப்பது நல்லது. கோடையில் கொடுத்து மழைக்கு முன் வாங்குங்கள்.

நடுவில் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள். நான் போனபோது அவர் மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, தேய்க்காமல், சப்பாத்திக் குழவி மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அகலம் உருட்டுவார், பஞ்சைப் பார்ப்பார், குப்பியில் போடுவார், புதுப் பஞ்சு. குப்பி நிறையப் பழுப்புப் பஞ்சு. சந்தனக் கலர் என்று நாங்கள் மூன்று தலைமுறையாக நினைத்திருந்த அங்கவஸ்திரத்தில் ஒரு சதுரம் வெள்ளையாகத் திறந்திருந்தது.

அழிந்த அந்த 1-ஐத் திரும்ப எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். கையெழுத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அறிக்கையில் "நான்காவது எண் அண்மைச் சுத்தத்தில் இழக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. அதை இழந்தவன் பெயரைப் போடாமல் விட்டதே பெரிய விஷயம்.

10. திரும்ப மாட்டுவது

வாங்கும்போது படத்தோடு அறிக்கையையும் வாங்குங்கள்: என்ன பசை, என்ன வார்னிஷ், எங்கெங்கே தீட்டினார்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள். ஒரு நகல் கோப்பில், இன்னொன்று உறையிலிட்டுப் பின்தட்டியில். ஐம்பது வருஷம் கழித்துத் திறப்பவருக்கு அது வேண்டும்.

பழைய ஆணியில் மாட்டாதீர்கள். மழை பட்டு ஊறும் வெளிச்சுவர், சமையலறைப் பக்கம், சாமி விளக்குக்கு மேலே, ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், ஜன்னல் வெயில் விழும் இடம் எல்லாம் வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒரு வாரம் மாட்டிப் பார்த்து, முள் அதிகம் ஏறி இறங்காத சுவரைத் தேர்ந்தெடுங்கள். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் அணைக்கும் அறையைவிட, ஏசியே இல்லாத நடு அறை எவ்வளவோ மேல். சட்டத்தின் கீழ் இரு மூலையிலும் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும், பல்லியும் குடியேறாது.

எண்ணெய் ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடி போடுவதில்லை. பொட்டு வைக்கும் வீடு என்றால் போடத்தான் வேண்டும். கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி நடுவில் மரச்சட்டம் கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். எங்கள் சித்தப்பச்சி முதலில் ஒப்பவில்லை; "கண்ணாடிக்குப் பொட்டு வைத்தால் அவருக்குப் போய்ச் சேருமா?" என்றார். கடைசியில் ஆசாரி, தேக்குச் சட்டத்தின் மேல்கட்டையில் நெற்றிக்கு நேராக ஒரு ரூபாய் அகலத்துக்குப் பித்தளைத் தகடு பதித்துக் கொடுத்தார். இந்த வருஷப் படைப்புக்குச் சந்தனம் அதில்தான் வைத்தோம்.